மின்கழிவும் சுழற்சிப் பொருளாதாரமும்: உருக்காலைக்கு முன்னால் இருக்கும் வேலை

மின்னணுக் கழிவைக் கையாள்வதில், பொருளைத் தூக்கி எறியாமல் மீண்டும் மீண்டும் பயன்பாட்டுக்குள் வைத்திருக்கும் சுழற்சிப் பொருளாதார முறைகளை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது, தமிழ்நாடு போன்ற ஒரு மாநிலத்தில் அதை எங்கிருந்து தொடங்குவது, மறுசுழற்சி ஆலைகளைப் பெருக்கினாலே போதாதா என்று கேட்கப்பட்டிருக்கிறது. கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: போதாது. ஒரு பொருளை நீண்ட நாள் பயன்படுத்துவது, பழுது பார்ப்பது, புதுப்பித்து இன்னொருவருக்கு விற்பது, அதுவும் இயலாதபோது நல்ல பாகங்களைக் கழற்றி வேறொரு கருவியில் பொருத்துவது ஆகிய நான்கும் நடந்த பிறகு மிஞ்சுவதுதான் உருக்காலைக்குப் போக வேண்டும். நம்முடைய சட்டமும் முதலீடும் பொதுப்பேச்சும் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கின்றன என்பது என் கருத்து. ஆகவே இந்தப் பதிலில் ஆலையைப் பற்றிக் குறைவாகவும், ஆலைக்கு முன்னால் உள்ள கடைகளையும் கைகளையும் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன்.

ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட உலக மின்கழிவுக் கண்காணிப்பு அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு உண்டானது, ஆளுக்கு 7.8 கிலோ. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்கு ஆவணம் உள்ளது 22.3 விழுக்காட்டுக்கு மட்டுமே. 2030-ல் மொத்த அளவு 8.2 கோடி டன் ஆகும் என்றும், முறையான மறுசுழற்சியின் பங்கு 20 விழுக்காடாகக் குறையும் என்றும் அதே அறிக்கை கணிக்கிறது. ஆலைகள் கூடிக்கொண்டே இருக்கும்போதே பங்கு குறைகிறது என்றால், கழிவு ஆலைகளைவிட வேகமாகப் பெருகுகிறது என்று பொருள். இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 41 இலட்சம் டன்; சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்த இடம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கிலோ 2021-22-ல் நாடு முழுவதற்கும் சுமார் 16 இலட்சம் டன்தான். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து எவரோ பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. அரசுக் கணக்கு அப்போது சட்டத்தில் பட்டியலிடப்பட்ட 21 வகைக் கருவிகளை மட்டுமே எடுத்துக்கொண்டது, ஐ.நா. கணக்கின் வலை அதைவிட அகலமானது. எதைக் கழிவு என்று எண்ணுகிறோமோ அதற்குத்தான் திட்டமும் வரும் என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது.

ஆலைகள் போதா என்று ஏன் சொல்கிறேன்? பழைய கைப்பேசிகளில் மின்கலத்தை நீக்கிவிட்டு ஒரு டன் எடுத்தால் ஏறத்தாழ 300 கிராம் தங்கம் கிடைக்கும் என்பது அடிக்கடி சொல்லப்படும் செய்தி. கோலார் தங்கவயல் 2001-ல் மூடப்பட்டபோது அங்கு ஒரு டன் பாறையில் மூன்று கிராம் அளவுக்கே தங்கம் இருந்தது என்பதோடு இதைச் சேர்த்துப் படித்தால், மின்கழிவு என்பது நகரத்துக்கு நடுவே கிடக்கும் சுரங்கம் என்றே தோன்றும். செய்தி உண்மைதான். ஆனால் ஒரு திறன்பேசியில் அறுபது வரையிலான தனிமங்கள் இருக்கின்றன. அவற்றில் தங்கம், வெள்ளி, பல்லேடியம் போன்றவை செம்பு உருகலில் கரைந்து பின்னர் பிரிக்கப்படுகின்றன, அதே உலையில் மின்தேக்கிகளிலுள்ள டாண்டலமும், வலுவான காந்தங்களுக்குத் தேவைப்படும் நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்களும் ஆக்சிஜனோடு சேர்ந்து கசடாக ஒதுங்கிவிடுகின்றன. பெல்ஜியத்தில் ஹோபோக்கனிலுள்ள உமிகோர் ஆலை பதினேழு வகை உலோகங்களை மீட்கிறது. இத்துறையில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று அது. அங்கும் எல்லாவற்றையும் மீட்க முடியாது. காரணம் பொறியாளர்களின் திறமைக் குறைவு அன்று, வெப்ப இயக்கவியல். உலகின் அருமண் தேவையில் மின்கழிவிலிருந்து வருவது ஒரு விழுக்காடு மட்டுமே என்று மேற்சொன்ன அறிக்கையே குறிப்பிடுகிறது. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் உலோகங்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது நம் வாகனத் தொழில் பதறியது. அதே வேளையில் பழைய வன்தட்டுகளிலும் ஒலிபெருக்கிகளிலும் இருந்த நியோடிமியக் காந்தங்கள் இரும்புத் துண்டுகளோடு ஒட்டிக்கொண்டு பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருந்தன.

இதைவிடப் பெரிய காரணம் ஆற்றல். ஒரு திறன்பேசி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கரிம உமிழ்வில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, சில்லுகளையும் திரையையும் செய்யும்போதே நிகழ்ந்துவிடுகிறது. சில்லுகளைச் செய்யச் செலவான மின்சாரத்தையும் நீரையும் எந்த உலையும் திருப்பித் தராது. உலை தருவது செம்பும் தங்கமும்தான். ஐரோப்பிய ஒன்றியத்திலுள்ள திறன்பேசிகள் அனைத்தின் ஆயுளையும் ஓராண்டு நீட்டித்தாலே 2030 வாக்கில் ஆண்டுக்கு 21 இலட்சம் டன் கரியமில வாயு மிச்சமாகும் என்று அங்குள்ள சுற்றுச்சூழல் அமைப்புகளின் கூட்டமைப்பு 2019-ல் கணக்கிட்டது. இங்கும் கணக்கின் திசை அதுவே.

சுழற்சிப் பொருளாதாரம் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான கருத்து என்று நினைப்பவர்கள் தங்கள் ஊரின் மிக்சி பழுது பார்க்கும் கடையை ஒருமுறை கவனிக்க வேண்டும். மிக்சியில் கப்ளர் தேய்ந்தால் சில பத்து ரூபாயில் புதியது கிடைக்கும். கார்பன் பிரஷ், ஜாரின் புஷ், பிளேடு, வாஷர், சுவிட்ச் எல்லாம் ஒவ்வொரு தாலுகா ஊரிலும் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். மோட்டார் எரிந்தால் காயில் கட்டித் தருவார்கள். எரிந்த காயிலின் செம்புக் கம்பி எடை போட்டு விற்கப்பட்டு உருக்கப்பட்டு மீண்டும் கம்பியாகும். வெட் கிரைண்டருக்கும் மின்விசிறிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் இதே வழிதான். இதற்கென அரசு திட்டம் எதையும் அறிவிக்கவில்லை, யாரும் மானியம் தரவில்லை. ஆயினும் 2011-க்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஒன்றே முக்கால் கோடி அளவிலான குடும்பங்களுக்கு விலையில்லாமல் கொடுத்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறிகளில் பெரும் எண்ணிக்கையானவை இந்தக் கடைகளின் தயவால்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இது ஏன் முடிகிறது என்று பார்த்தால் நான்கு காரணங்கள் தென்படுகின்றன: திருகாணியால் மூடப்பட்ட உடல், நிறுவனங்களுக்கிடையே பெருமளவு ஒத்துப்போகும் பாகங்கள், பாகங்களைத் தாராளமாகச் செய்து விற்கும் சிறு தொழிற்கூடங்கள், பழுது பார்க்கும் செலவு புதிய மிக்சியின் விலையைவிட மிகக் குறைவாக இருப்பது.

இந்த நான்கையும் ஒரு கம்பியில்லாக் காதொலிப்பானுக்குப் பொருத்திப் பாருங்கள். பசை வைத்து ஒட்டிய உடலுக்குள் பட்டாணி அளவு லித்தியம் மின்கலம், அதை மாற்ற வழியில்லை, மாற்றினாலும் கூலி புதியதன் விலையைத் தாண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மின்கலம் தளர்ந்ததும் அது கழிவு. ஆலைக்குப் போனாலும் அரைக்கும்போது தீப்பிடிக்கக்கூடிய கழிவு. மிக்சியைச் செய்தவர் சுழற்சிப் பொருளாதாரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்; காதொலிப்பானைச் செய்யும் நிறுவனமோ ஆண்டுதோறும் அதைப் பற்றி வண்ணப்படங்களோடு அறிக்கை வெளியிடுகிறது.

வடிவமைப்பு மட்டும் சரியாக இருந்தாலும் போதாது, மீட்ட பொருளுக்குச் சந்தை வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 2006 முதல் 2011 வரை அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. அவை கதோட் கதிர்க் குழாய் என்னும் பழைய வகைப் படக்குழாய் கொண்டவை. அந்தக் குழாயின் பின்புறக் கூம்புக் கண்ணாடியில், எக்ஸ் கதிர் வெளியே கசியாதிருக்க, எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு சேர்க்கப்பட்டிருக்கும். பழைய குழாய்களின் கண்ணாடியைத் தூளாக்கிப் புதிய குழாய்கள் செய்யும் தொழில் முன்பு இருந்தது. சுழற்சி என்றால் அதுதான் கச்சிதமான சுழற்சி. தட்டைத் திரைகள் வந்ததும் புதிய குழாய்களைச் செய்யும் ஆலைகள் 2010-களில் உலகெங்கும் ஒவ்வொன்றாக நின்றன, அதனோடு பழைய கண்ணாடியை வாங்குவோரும் மறைந்தனர். நேற்றுவரை மூலப்பொருளாக இருந்தது, வேதியியலில் எந்த மாற்றமும் இல்லாமல், அபாயக் கழிவாக மாறியது. இன்று ஒரு பழைய பெட்டி கடைக்கு வந்தால் செம்புச் சுருளையும் போர்டையும் (மின்சுற்றுப் பலகை) கழற்றிக்கொண்டு கண்ணாடியை ஏரிக்கரையிலோ காலி மனையிலோ போட்டுவிட்டுப் போவதுதான் வியாபாரிக்குக் கட்டுப்படியாகும். இதற்குச் சந்தை விடை கிடையாது. ஈயத்தை உலையில் பிரிக்கவோ பாதுகாப்பாகப் புதைக்கவோ யாரேனும் பணம் கொடுத்தாக வேண்டும். அந்தப் பணம் பெட்டி விற்கப்பட்ட நாளிலேயே எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். வாங்கும்போதே ஒரு சிறு தொகையை வசூலித்து நிதியாக்கும் முறையை சுவிட்சர்லாந்து 1990-களிலேயே தொடங்கியது. ஜப்பானில் 2001 முதல் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், குளிரூட்டி ஆகிய நான்கையும் அப்புறப்படுத்துபவரே கட்டணம் செலுத்துகிறார். அங்கே மறுசுழற்சி ஆலைகளை உற்பத்தி நிறுவனங்களே நடத்துவதால், எந்தத் திருகாணி கழற்றக் கடினமாக இருக்கிறது என்ற செய்தி வடிவமைப்பாளரின் மேசைக்குப் போய்ச் சேருகிறது. கட்டணத்தைவிட இந்தத் தொடர்புதான் கவனிக்கத்தக்கது என்பேன்.

அடுத்தது சேகரிப்பு. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் முதல் இன்றுவரை, நம் வீட்டு வாசலிலிருந்து பழைய பொருளை எடுத்துச் செல்பவர் காயலான் கடைக்காரரும் தெருத் தெருவாக வரும் பழைய பொருள் வியாபாரியும்தான். அவர்கள் பணம் கொடுக்கிறார்கள். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களில் பல, வீட்டுக்காரர் தாமே கொண்டுவந்து இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. போட்டியில் யார் வெல்வார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. சேகரிப்பதிலும் கையால் பிரிப்பதிலும் முறைசாராத் துறையின் திறமை அசாதாரணமானது. செம்பு, அலுமினியம், இரும்பு, ஏபிஎஸ் பிளாஸ்டிக், போர்டு என்று தனித்தனியே பிரித்து, போர்டிலும் தரம் பார்த்து விலை சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஜெர்மனியில் ஓர் இயந்திர ஆலையை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஆய்வொன்று, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துவிடுவதால் உள்ளே வந்த தங்கத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மட்டுமே மீட்கக்கூடிய பிரிவுகளுக்குப் போய்ச் சேருகிறது என்று காட்டியது. கையால் கழற்றினால் அந்த இழப்பு வெகுவாகக் குறையும்.

கேடு தொடங்குவது அடுத்த கட்டத்தில்தான். கழற்றிய போர்டுகள் தில்லியின் சீலம்பூர், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற இடங்களுக்குப் போய், அமிலத் தொட்டியில் ஊற வைக்கப்படுகின்றன. கம்பிகளின் மேலுறை திறந்தவெளியில் எரிக்கப்படுகிறது. மொராதாபாத்தில் ராம்கங்கை ஆற்றின் கரையில் கொட்டப்பட்ட மின்கழிவுச் சாம்பல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். இத்தனை நஞ்சைக் கிளப்பியும் கிடைப்பது குறைவு: பெங்களூருவின் முறைசாராப் பட்டறைகளைப் பற்றி 2007-ல் வந்த ஆய்வு, அமில முறையில் போர்டிலுள்ள தங்கத்தில் சுமார் 20 விழுக்காடே மீட்கப்பட்டது என்றும், ஒருங்கிணைந்த நவீன உருக்காலையில் அது 95 விழுக்காடு என்றும் கண்டது. இதிலிருந்து பிறந்த யோசனை எளிமையானது: சேகரிப்பதையும் கழற்றுவதையும் கைத்திறன் உள்ளவர்களிடமே விட்டுவிட்டு, போர்டை மட்டும் அமிலத்துக்குப் போகவிடாமல் நல்ல விலை கொடுத்து உருக்காலை வாங்கிக்கொள்வது. பெங்களூருவில் அப்போதே சிறிய அளவில் இது முயன்று பார்க்கப்பட்டது. விரிவடையாமற் போனதற்குப் பணம் ஒரு தடை. உருக்காலை மாதிரி எடுத்துச் சோதித்துப் பணம் அனுப்பப் பல வாரங்கள் ஆகும், அமிலப் பட்டறைக்காரரோ அன்று மாலையே பணத்தைக் கையில் வைப்பார். அன்றாடம் பணம் புரண்டால்தான் அடுப்பெரியும் ஒருவரிடம், நஞ்சைப் பற்றிய எச்சரிக்கைச் சுவரொட்டி எடுபடாது. அந்த இடைக்காலத்துக்கு முன்பணம் கொடுக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கம் எடுபடலாம். கானாவின் அக்ரா நகரில் அக்போக்புளோசி கழிவுச் சந்தை 2021-ல் இடித்துத் தள்ளப்பட்டது. எரிப்பு நிற்கவில்லை, நகரின் வேறு மூலைகளுக்குச் சிதறியது. துரத்தி ஒழிக்க நினைப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

இனி நம் சட்டத்துக்கு வருகிறேன். மின்கழிவுக்கென முதல் விதிகள் 2011-ல் அறிவிக்கப்பட்டு 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2016-ல் அவை மாற்றி எழுதப்பட்டன. இப்போது இருப்பவை 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் செயல்படும் விதிகள். தமிழ்நாடு 2010-லேயே தனக்கென ஒரு மின்கழிவுக் கொள்கையை வெளியிட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். புதிய விதிகளின் அடிப்படை, பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனமே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்பது. முன்பு 21 ஆக இருந்த கருவி வகைகள் 106 ஆக்கப்பட்டுள்ளன. தாம் விற்றதில் ஆயுள் முடிந்ததாகக் கணிக்கப்படும் அளவில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 விழுக்காடு, அடுத்த இரண்டுக்கு 70, 2027-28 முதல் 80 விழுக்காடு மறுசுழற்சி நடந்ததற்கான சான்றிதழ்களை நிறுவனங்கள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடமிருந்து விலைக்கு வாங்கிக் காட்ட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் நல்லது உண்டு. நிறுவனத்தின் பணம் ஆலைக்குப் போக ஒரு வழி திறந்திருக்கிறது. சான்றிதழ் மிக மலிவாகப் போய்விடக் கூடாது என்று 2024-ல் வீட்டுக் கருவிகளுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் என்ற கீழ்வரம்பு கொண்டுவரப்பட்டது. அதை எதிர்த்துச் சில பெரிய நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிருப்பதே, முன்பு அவை அதைவிடக் குறைவாகக் கொடுத்துவந்தன என்பதைக் காட்டிக் கொடுக்கிறது. ஆனால் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, சான்றிதழ் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய நான்கு உலோகங்களின் கணக்கில் வழங்கப்படுகிறது. நியோடிமியத்தையோ டாண்டலத்தையோ மீட்பவருக்கு இதனால் ஒரு காசும் கூடுதலாக வராது, ஆகையால் காந்தம் இரும்போடு போகும் கதை தொடர்கிறது. அரிய கனிமங்களை மறுசுழற்சியில் மீட்பதற்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்றிருப்பது இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யக்கூடும். இரண்டாவது, 2016 விதிகளில் இடம்பெற்றிருந்த சேகரிப்பு மையங்களும் பிரித்தெடுப்போரும் 2022 விதிகளின் பதிவுப் பட்டியலில் இல்லை. உற்பத்தி ஆலை, சந்தைப்படுத்தும் நிறுவனம், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் என்ற நான்கு பேர் மட்டுமே சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறார்கள். காயலான் கடைக்காரர் இல்லாமல் ஒரு கிலோ கூட நகராத நாட்டில் அவருக்குச் சட்டத்தில் பெயரில்லை. மூன்றாவது, காகிதத்தில் நடக்கும் மறுசுழற்சி. பிளாஸ்டிக் உறைகளுக்கான இதேபோன்ற ஏற்பாட்டில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் 2023-ல் பிடிபட்டன. ஆலைக்குள் போன எடை, மின்கட்டணம், வெளிவந்த உலோகத்துக்கான ஜிஎஸ்டி ரசீது ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்காத தணிக்கை எதையும் கண்டுபிடிக்காது.

பலர் கவனிக்காத ஒரு பிரிவு இவ்விதிகளில் உண்டு, என்னைக் கேட்டால் முழு ஆவணத்திலும் சிறந்த பிரிவு அதுவே. ஒரு பொருளைப் புதுப்பித்து மறுபடி பயன்பாட்டுக்கு விட்டால் புதுப்பித்தல் சான்றிதழ் கிடைக்கும். அதை வாங்கும் நிறுவனம் தன் மறுசுழற்சிக் கடமையில் அந்த அளவைப் பொருளின் நீட்டித்த ஆயுள் முடியும் வரை தள்ளிவைக்கலாம், அப்போதும் தள்ளிவைத்த அளவில் 75 விழுக்காடு மட்டுமே கடமையாகத் திரும்பும். பழுது பார்ப்பதற்கும் பணம் வரும் என்று சட்டமே ஒப்புக்கொள்ளும் இடம் இது. ஆனால் இதைப் பெற மத்திய வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, கணக்கு வைத்து, அறிக்கைகள் தாக்கல் செய்ய வேண்டும். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் ஆறடிக்கு நாலடிக் கடையில் உட்கார்ந்து, சூடான காற்றால் ஐசி என்னும் சில்லைப் பெயர்த்து, அதன் அடியிலுள்ள பற்றாசு மணிகளைப் புதிதாக வைத்து (ரீபாலிங்), செத்துப்போன போர்டுக்கு உயிர் கொடுப்பவர் இந்தப் பதிவுக்குள் வரப்போவதில்லை. அவரைப் போன்ற ஐம்பது கடைகள் சேர்ந்து ஒரே பதிவின் கீழ் வர அனுமதித்து, கணக்கெழுதும் வேலையைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்படி செய்தால் அந்தப் பிரிவுக்கு உயிர் வரும்.

பழுது பார்ப்பவருக்கு இன்று பெரிய எதிரி துருவும் தூசியும் அல்ல, மென்பொருள். ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியான இரண்டு கைப்பேசிகளில், ஒன்றின் அசல் திரையைக் கழற்றி மற்றொன்றில் பொருத்தினாலும், பாகத்தின் வரிசை எண் பொருந்தவில்லை என்று கருவி முரண்டு பிடிப்பதுண்டு. சில வசதிகள் முடங்கும். பாகங்களை இப்படி மென்பொருளால் பிணைப்பதை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-ல் சட்டம் இயற்றித் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்கப்படும் திறன்பேசிகளுக்கு, அந்த மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் ஐந்தாண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பும் ஏழாண்டுகள் உதிரிபாகமும் தர வேண்டும். 2027 பிப்ரவரி முதல் சிறு கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துபவரே மாற்றிக்கொள்ளும்படி வடிவமைக்க வேண்டும். பிரான்சில் 2021 முதல் கடையில் விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே பழுது பார்க்கும் எளிமைக்கான மதிப்பெண் எழுதப்படுகிறது. இந்தியாவிலும் அத்தகைய மதிப்பெண்ணுக்கான வரைவை ஒரு குழு 2025-ல் அரசிடம் அளித்திருக்கிறது. கட்டாயமாக்கப்படும்போதுதான் அதன் பயன் தெரியும்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தப்பட்டபோது, வன்பொருளில் எந்தப் பழுதும் இல்லாத கோடிக்கணக்கான கணினிகள் வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பை இழந்தன. தமிழ்நாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அரசு ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வழங்கியிருக்கிறது. அவற்றில் எத்தனையோ இன்று பரணில் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது புதிய மின்கலம், பழைய வன்தட்டுக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம், கொஞ்சம் கூடுதல் நினைவகம், பழைய கணினியிலும் ஓடக்கூடிய, லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் எளிய பதிப்பு ஒன்று. தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்குச் செய்முறைப் பாடமாகவே இதைக் கொடுக்கலாம்; சரிசெய்ய முடியாத கணினியின் விசைப்பலகையும் திரையும் அடுத்த கணினிக்குப் பாகங்களாகும்.

பரணில் கிடப்பதற்கு மறதியைத் தவிர அச்சமும் காரணம். பழைய கைப்பேசியையும் கணினியையும் கொடுக்கத் தயங்குபவர்களில் பலர் உள்ளே இருக்கும் படங்களையும் வங்கி விவரங்களையும் நினைத்தே தயங்குகிறார்கள். அண்மைக் காலத் திறன்பேசிகள் சேமிப்பைக் குறியாக்கம் செய்தே வைப்பதால், தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்ததும் திறவுகோல் அழிந்து தரவு படிக்க முடியாததாகிவிடும். பழைய கணினி வன்தட்டுகளுக்கு மேலெழுதி அழிக்கும் மென்பொருள் இருக்கிறது. இதைப் பழுது பார்க்கும் கடையிலேயே கண்முன் செய்து, ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தால் சேகரிப்பு கூடும். வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும் இதே அச்சத்தால் நல்ல வன்தட்டுகளைத் துளையிட்டு நொறுக்குகின்றன. மென்பொருளால் அழித்துச் சான்றளிக்கும் முறை ஏற்கப்பட்ட தரம் என்பதை அவற்றின் தணிக்கையாளர்களுக்கு எவராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

அலுவலகங்களைப் பொறுத்தவரை, ஓராண்டில் குறைந்தது ஆயிரம் கருவிகளைப் பயன்படுத்துவோரை 2022 விதிகள் பெரும் நுகர்வோர் என்று வகுத்து, பதிவு பெற்றவர்களிடமே கழிவை ஒப்படைக்கச் சொல்கின்றன. மொத்தக் கருவிகள் ஆயிரத்தை எட்டாத ஒரு கல்லூரி இந்த வலைக்கு வெளியே நிற்கிறது. இனி உதவாது என்று கழித்துவிடப்பட்ட கணினிகளை அதிக விலை கேட்பவருக்கு ஏலம் விடும் வழக்கமும் மாற வேண்டும்; அமிலத்தில் போடுபவருக்கு மாசுத் தடுப்புச் செலவே கிடையாது என்பதால் அதிக விலை கேட்க முடிந்தவர் அவராகவே இருப்பார்.

சூரிய ஒளித் தகடுகளைப் பற்றி ஒரு வரி: புதிய விதிகளில் அவையும் சேர்க்கப்பட்டுள்ளன, ஆனால் 2034-35 வரை கழிவைப் பட்டியலிட்டுச் சேமித்து வைத்தால் போதும் என்ற அளவிலேயே. அதன் பிறகு என்ன என்பதற்கு இப்போதே ஆலை திட்டமிடாவிட்டால் கதோட் குழாய்க் கண்ணாடியின் நிலைதான்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு என் விடை, அரசின் கொள்முதல். ஒரு மாநில அரசால் கைப்பேசி நிறுவனத்தின் வடிவமைப்பை மாற்ற முடியாமல் இருக்கலாம். தான் வாங்கும் பொருளுக்கு நிபந்தனை போட முடியும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்குவதாக அறிவித்தது. இந்த அளவு கொள்முதலுக்கான ஒப்பந்தப் புள்ளிகளில் செயலி, நினைவகம், திரை அளவு ஆகியவற்றோடு இன்னும் சில வரிகள் இருக்கலாம்: சாதாரணத் திருப்புளியால் திறக்கக்கூடிய உடல், போர்டில் பற்றவைக்கப்படாத நினைவகமும் எஸ்எஸ்டியும், பழுது பார்ப்பதற்கான வரைபடம் எந்தக் கடைக்காரரும் பதிவிறக்கும்படி வெளியிடப்படுவது, ஏழாண்டுகளுக்கு உதிரிபாக உத்தரவாதம், ஆயுள் முடிந்த கணினியை மாவட்டந்தோறும் திரும்பப் பெறும் இடம், திருப்பித் தருபவருக்கு ஒரு தொகை. லித்தியம் மின்கலங்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் தளர்ந்துவிடும் என்பதால், ஏறக்குறைய ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கான மாணவர்களுக்கு மாற்று மின்கலம் தேவைப்படும். அதன் விலையை இன்றைய ஒப்பந்தத்திலேயே நிர்ணயித்துவிட்டால், அன்றைக்கு மாணவர் ஊரிலுள்ள கடையில் ஓரிரு ஆயிரம் ரூபாயோடு வேலையை முடித்துக்கொள்வார். கழற்றிய மின்கலமும் அந்தக் கடையிலேயே சேர்வதால், 2022-ன் மின்கலக் கழிவு விதிகளின்படி அதற்கும் பொறுப்பான உற்பத்தி நிறுவனம் ஒரே இடத்திலிருந்து எடுத்துச் செல்லலாம்.